பறஞ்சான், பறைந்தான், சொன்னான்

வாயைத் திறந்து ஒரு விஷயத்தைத் தெரிவிப்பது என்கிற ஒரே வேலைக்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சொல், பேசு, கூறு, உரை, மொழி, இயம்பு, செப்பு, பகர், நவில், நுவல், புகல், விளம்பு, கழறு, அறை, சாற்று... இருபதை நெருங்கும்போது நிறுத்திவிட்டேன். இதில் தெருவில் நடமாடுவது எத்தனை? சொல், பேசு. அவ்வளவுதான். ‘கூறு’ செய்தித்தாளில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ‘உரை’ மேடைக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் செய்யுளில்தான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் போட்டதும் எடுத்ததும் இல்லை என்றால் அதை இயங்காக் கணக்கு என்று தனியே வைத்துவிடுவோம். கணக்கு செத்துவிட்டதாக அர்த்தமில்லை. பணம் அப்படியேதான் இருக்கும், உரியவர் வந்து கையெழுத்துப் போட்டால் மறுபடி ஓடும். தமிழின் வினைச்சொற்களில் பாதி இப்படி இயங்காக் கணக்குகள்தான். ஆனால் சில சொற்களுக்கு ஒரு விசித்திரம். தலைமை அலுவலகத்தில் கேட்டால் “அந்தக் கணக்கு மூடியாச்சே” என்பார்கள். மூலையில் இருக்கும் ஒரு கிராமத்துக் கிளையில் தினமும் அதில் வரவு செலவு நடந்துகொண்டிருக்கும்!

அப்படி ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சொல்: பறை. முரசு வகையான பறை இல்லை. வினைச்சொல். பறைதல், அதாவது சொல்லுதல்.

எங்கள் ஊர்ப் பேச்சு

எனக்குச் சொந்த ஊர் ஒற்றசேகரமங்கலம். திருவனந்தபுரம் மாவட்டம். முன்பு நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்தது, இப்போது காட்டாக்கடை தாலுகா. காட்டாக்கடையிலிருந்து வெள்ளறடை போகும் பக்கம். வெள்ளறடை தாண்டி பனச்சமூடு போனால் தமிழ்நாடு வந்துவிடும். தெற்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கேயும் தமிழ்நாடு. ‘மங்கலம்’ என்று முடியும் ஊர்ப்பெயர் தமிழ்நாடு முழுக்க இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய காலத்தில் பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர் உண்டு. பெயரைப் பார்த்தால் எந்த மாநிலம் என்று சொல்ல முடியாது. பேச்சைக் கேட்டாலும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் தமிழ். பள்ளிக்கூடத்தில் மலையாளம். அத்தையைக் கட்டிக்கொடுத்தது எல்லை தாண்டி அருமனையில். இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு. “அவன் அப்பளே பறஞ்சான்.” “நீ சும்மா பறையாத.” “என்ன பறையுதே?” சிறு வயதில் இதெல்லாம் தமிழா மலையாளமா என்று யாரும் யோசித்ததில்லை. அரிசி எந்த மொழி என்று கேட்டுவிட்டா சோறு தின்கிறோம்?

ஊரை விட்டு வெளியே வந்தால்தான் இந்தக் கேள்வியே வரும். வங்கி வேலையில் சுற்றிச் சுற்றி இப்போது நாக்பூரில் இருக்கிறேன். கவுண்டரில் நாள் முழுக்க ‘போலியே’ என்ற இந்தியும் ‘ஸாங்கா’ என்ற மராத்தியும்தான். ஒரு நாள் மதிய நேரத்தில் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல இரண்டு ‘பறஞ்சான்’, ஒரு ‘பறையாத’ விழுந்திருக்கும். பக்கத்து மேசையில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், எதிரே திருச்சூர்க்காரர் ஒருவர். தஞ்சாவூர்க்காரர் சிரித்துக்கொண்டே, “என்ன சார், வீட்டுல மலையாளமா?” என்றார். திருச்சூர்க்காரர் உடனே, “ஐயோ, அது மலையாளம் ஒண்ணும் அல்ல, தமிழ்!” என்றார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேரும் அவரவர் மொழியிலிருந்து எங்களை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள் :-)

நம் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. சென்னைக்குப் போனால் ‘மலையாளத் தமிழ்’. எர்ணாகுளம் போனால் ‘தமிழ் மலையாளம்’. 2005-ல் வந்த ‘ராஜமாணிக்யம்’ படத்தில் மம்மூட்டி தெற்கத்தி மலையாளம் பேசி கேரளம் முழுக்கச் சிரிக்க வைத்தார். படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு வட்டாரத்தின் பேச்சு என்றாலே நகைச்சுவைக் காட்சிக்கு என்று ஆகிவிட்டால், அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறக்க யோசிப்பார்கள். அது சிரிப்புக்குரிய விஷயமில்லை.

அதனால் கணக்கை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம். ‘பறை’ யாருடைய சொல்?

கடன் வாங்கியதா?

தஞ்சாவூர்க்காரர் நினைத்தது, குமரி மாவட்டத்துக்காரனும் பாறசாலைக்காரனும் மலையாளத்திலிருந்து ‘பறயுக’ என்ற வினையைக் கடன் வாங்கித் தமிழில் கலந்துவிட்டார்கள் என்று. பலர் நினைப்பதும் இதுதான். கடன் என்றால் ஒரு பத்திரம் இருக்கவேண்டும் இல்லையா? இங்கே பத்திரம் வேறு மாதிரி இருக்கிறது.

முதல் ஆவணம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருள் இருக்கிறது. மலையாளத்திலும் இதே சொல் உண்டு என்பது தெரிந்தவர்கள்தான் அதைத் தொகுத்தார்கள். இருந்தும் அதைத் தமிழ்ச் சொல்லாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆவணம் இன்னும் பலமானது. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம். அங்கே பேசுவதற்குக் ‘கதைக்கிறது’ என்று சொல்வது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிராமத்துப் பெரியவர்கள் ‘பறையிறது’ என்றும் சொல்வார்கள். “என்ன பறையிறாய்?” “பறையாமல் இரு.” “வேலியடியில நிண்டு பறைஞ்சுகொண்டிருந்தவை.” எங்கள் அத்தை இதைக் கேட்டால் அருமனையில் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பாள்.

யாழ்ப்பாணத்துக்கும் கேரளத்துக்கும் பழைய தொடர்பு உண்டே, அங்கிருந்து போயிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டச்சுக்காரர்கள் 1707-ல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் பெண்வழிச் சொத்துரிமையின் சாயல் இருப்பதைக் காட்டி மலையாளக் கரைத் தொடர்பைப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் வினைச்சொல் நடப்பது சுத்தமான தமிழ் விகுதிகளோடு. அதோடு குமரியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே மாதிரி நிற்கும் வேறு சொற்களும் இருக்கின்றன. முடியாது என்பதற்கு ‘ஏலாது’ என்று இலங்கையிலும் சொல்வார்கள், நெல்லை குமரிப் பக்கத்திலும் சொல்வார்கள். ஏலுதல் பழந்தமிழ்ச் சொல். இதையெல்லாம் கேரளத்திலிருந்து கப்பலேற்றி அனுப்ப வேண்டியதில்லை. பழைய வீட்டின் பாத்திரங்கள் இரண்டு பிள்ளைகள் வீட்டில் தனித்தனியே மிஞ்சியிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரு சொல்லின் நான்கு படிகள்

இனி மலையாளத்தின் பக்கம். ‘பறைந்தான்’ எப்படிப் ‘பறஞ்ஞு’ ஆனது?

இதற்கு நல்ல வழிகாட்டி ஏ. ஆர். ராஜராஜவர்மா. 1896-ல் ‘கேரளபாணினீயம்’ எழுதியவர், கேரளத்தின் பாணினி என்று கொண்டாடப்படுபவர். தமிழிலிருந்து மலையாளம் எந்தெந்த வழியில் விலகியது என்று அவர் ஆறு ‘நய’ங்களாகப் பிரித்துக் காட்டினார். சமஸ்கிருதப் பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விஷயம் எளிது. நம் சொல்லுக்கு வேண்டியவை மூன்று.

ஒன்று, ‘ந்த்’ என்பது ‘ஞ்ச்’ ஆவது. இது தமிழ்ப் பேச்சிலும் நடக்கிறது. நனைந்து – நனைஞ்சு, அலைந்து – அலைஞ்சு. அப்படியே பறைந்து – பறைஞ்சு.

இரண்டு, மூக்கொலி பக்கத்து எழுத்தை விழுங்குவது. ‘வந்து’ மலையாளத்தில் ‘வந்நு’ ஆகிறது. நனைஞ்சு ‘நனஞ்ஞு’ ஆகிறது. அப்படியே பறஞ்ஞு.

மூன்று, வினைமுற்றில் ஆள் அடையாளம் உதிர்வது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தேன். மலையாளத்தில் எல்லோருக்கும் ‘வந்நு’. 16-ஆம் நூற்றாண்டு எழுத்தச்சனின் கிளிப்பாட்டுகளில் ‘-ஆன்’, ‘-ஆள்’ விகுதிகள் செய்யுளில் இன்னும் தென்படும். பேச்சில் உதிர்ந்துவிட்டது.

இதோடு தமிழின் கடைசி ஐகாரம் மலையாளத்தில் அகரமாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலை – மல, தலை – தல, வாழை – வாழ. பறை – பற.

இப்போது வரிசையாக எழுதிப் பாருங்கள்:

பறைந்தான் → பறைஞ்சான் → பறஞ்சான் → பறஞ்ஞான் → பறஞ்ஞு

எங்கள் ஊர்ப் ‘பறஞ்சான்’ எங்கே நிற்கிறது? நட்டநடுவில். ‘ந்த்’ போய் ‘ஞ்ச்’ வந்துவிட்டது. ஐகாரம் அகரமாகிவிட்டது. ஆனால் மூக்கொலி முழுசாக விழுங்கவில்லை. ‘ஆன்’ விழவில்லை. மலையாளத்திலிருந்து ‘பறஞ்ஞு’ என்ற சொல்லை எடுத்து அதற்கு ‘ஆன்’ ஒட்டியிருந்தால் ‘பறஞ்ஞான்’ என்றுதான் வந்திருக்கும். ‘ஞ்ச’ நிற்கிறது என்பதே இது கடன் இல்லை, குடும்பச் சொத்து என்பதற்குச் சாட்சி. கலப்படம் என்று எதைச் சொல்கிறார்களோ அது உண்மையில் ஒரு பாலத்தின் நடுத்தூண்.

இதை வைத்து “பார்த்தாயா, மலையாளம் நம்மிடமிருந்து வந்ததுதான்” என்று கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சண்டை இணையத்தில் ஏற்கெனவே போதுமான அளவு நடந்துவிட்டது. பழைய வீட்டில் இருந்த ஒரு பாத்திரத்தைத் தினமும் விளக்கிப் புழங்கியது மலையாளி. நாம் அதைப் பரணில் போட்டோம். உரிமை இருவருக்கும். பராமரிப்புச் செலவு செய்தது யார் என்று பார்த்தால் நாம் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது.

பாகப்பிரிவினையை இன்னும் அகலமாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘செப்பு’ என்ற சொல் தொல்காப்பியத்தில் ‘வினா’வுக்கு ஜோடியாக வருகிறது, விடை என்ற பொருளில். இன்று தமிழ்நாட்டில் யாராவது “செப்பினான்” என்று பேசினால் நாடக வசனம் என்று நினைப்போம். ஆந்திரத்தில் குழந்தை முதல் கிழவி வரை ‘செப்பு’தான். தெலுங்கருக்குச் செப்பு, மலையாளிக்குப் பறை, தமிழருக்குச் சொல். ஒரே பெட்டியிலிருந்து ஆளுக்கொன்று!

முரசும் நாக்கும்

‘பறை’ என்றால் தோற்கருவி. ‘பறை’ என்றால் சொல்லுதல். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்பதே என் துணிபு. காரணம், தமிழ் இதே வேலையை வேறு சொற்களிலும் செய்திருக்கிறது. ‘அறை’ என்றால் அடிப்பது. கன்னத்தில் அறைந்தான் என்கிறோம். அதே ‘அறை’ என்றால் அறிவிப்பது, சொல்லுவது. அறைகூவல் என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயர் ‘விழாவறை காதை’. புகார் நகரில் இந்திர விழா நடக்கப்போகிறது என்று முரசை யானை மேல் ஏற்றி ஊருக்கு அறிவிக்கும் பகுதி. விழாவை அறைகிறார்கள். அடிப்பதும் அறிவிப்பதும் ஒரே செயல், ஒரே சொல்.

நாளிதழும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில் ஊருக்கு ஒரு செய்தி போகவேண்டும் என்றால் தோலில் அடி விழவேண்டும். அடிச் சத்தம் கேட்டால் ஆள் கூடும், கூடினால் செய்தி சொல்லப்படும். கருவியும் செய்தியும் ஒரே பெயரில் நிற்பது இயல்புதானே? நாம் இன்றும் ‘பறைசாற்றுகிறது’ என்று எழுதுகிறோம். கண்காட்சி தமிழரின் பெருமையைப் பறைசாற்றுகிறதாம். எந்தக் கண்காட்சியிலும் பறை இருப்பதில்லை.

‘பகர்’ என்ற சொல்லையும் பாருங்கள். பகர்தல் என்றால் சொல்லுதல், விற்றல் இரண்டும். சிலப்பதிகாரத்தில் தெருவில் பொருள் விற்கிறவர்கள் பகர்கிறவர்கள்தான். கூவித்தானே விற்கவேண்டும்!

இது தமிழுக்கு மட்டும் உரிய குணமில்லை. லத்தீனில் பேசுவதற்கு ‘லோக்வி’ என்று ஒரு கௌரவமான வினை இருந்தது. அதன் பிள்ளை மொழிகளில் அது வாழவில்லை. ஸ்பானியரின் ‘ஆப்லார்’, போர்த்துக்கீசியரின் ‘ஃபலார்’ இரண்டும் கட்டுக்கதை சொல்வது என்ற வினையிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரரின் ‘பார்லே’ உவமைக்கதை சொல்வதிலிருந்து வந்தது. நம் யாழ்ப்பாணத்து ‘கதைக்கிறது’ வடமொழிக் கதையிலிருந்து. இங்கே நாக்பூரில் காதில் விழும் இந்தி ‘கஹ்னா’வும் அதே வேரிலிருந்துதான், பிராகிருதத்தின் வழியாக வந்தது. யாழ்ப்பாணத்தாரும் லக்னோக்காரரும் ஒரே வேரில் பேசுகிறார்கள் என்று சொன்னால் இரண்டு பேரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் தொழிலிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது. வங்கியில் காசு எண்ணுபவரை ‘டெல்லர்’ என்கிறோம். அவர் என்ன சொல்கிறார்? ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’ என்பதற்கு எண்ணுவது என்ற பொருளும் உண்டு. ஜெர்மனில் இன்றும் ‘ட்ஸேலன்’ என்றால் எண்ணுதல், ‘எர்ட்ஸேலன்’ என்றால் கதை சொல்லுதல். ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுதான் கணக்கும், கதையும். நம் மொழியில் எண்ணுவதும் நினைப்பதும் ‘எண்’ என்ற ஒரே சொல்லில் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பறை

அகராதியைத் திறந்தால் இன்னொரு ‘பறைதல்’ இருக்கும். தேய்தல், அழிதல். தேவாரத்தில் இது அடிக்கடி வரும். இன்ன தலத்தை வணங்கினால் வினை பறையும் என்று சம்பந்தர் பாடுவார். ஒழிந்துபோகும் என்று பொருள். இதை மலையாளம் மட்டும் தெரிந்த நண்பருக்கு அப்படியே வாசித்துக் காட்டினால் “வினை சொல்லுமா? என்ன சொல்லும்?” என்று கேட்பார். உருவம் ஒன்று, பொருள் வேறு.

இரண்டு கணக்குகளுக்கு ஒரே பெயர் இருந்தால் குழப்பம் வரும், ஒன்று மெல்லப் பின்வாங்கும். ஆனால் இங்கே இரண்டுமே உள்நாட்டுத் தமிழின் பேச்சிலிருந்து பின்வாங்கிவிட்டன.

நடுவில் ஏன் போயிற்று?

இதற்குச் சிலர் சொல்லும் விளக்கம் சாதி. பறை என்ற கருவியின் பெயரோடு ஒரு சமூகத்தின் பெயரைச் சேர்த்து, அந்தக் கருவியையும் அந்த மக்களையும் ஊருக்கு வெளியே வைத்தார்கள். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நாடுகளைக்கூட அப்படித் திட்டுகிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை உலகம் வசைச்சொல்லாக்கிக்கொண்டது வெட்கப்பட வேண்டிய விஷயம். அந்த நிழல் விழுந்ததால் ‘பறைதல்’ என்று சொல்லவே மேல்சாதிக்காரர்கள் கூசினார்கள், வினை செத்தது என்பது விளக்கம்.

கேட்க நியாயமாகப் படுகிறது. ஆனால் ஐந்தொகையில் இடிக்கிறது. கேரளத்தில் இதே பெயருள்ள சமூகம் இருந்தது. தீண்டாமை அங்கே குறைவா? கண்ணில் பட்டாலே தீட்டு என்று தூரம் அளந்து வைத்த நாடு. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல்தான். அதுவரை கோயில் வாசலுக்கே விடாதவர்கள், நாள் முழுக்க ‘பறஞ்ஞு பறஞ்ஞு’தான் வாழ்ந்தார்கள். நம்பூதிரியும் பறஞ்ஞான், நாயரும் பறஞ்ஞான். சாதி நிழலால் வினை சாகும் என்றால் முதலில் அங்கேதான் செத்திருக்க வேண்டும்.

எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் வேறு. மொழியியலில் ஒன்று சொல்வார்கள். புதுமை நடுவில் கிளம்பும், ஓரங்களுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். அதனால் பழையது ஓரங்களில் மிஞ்சும். இத்தாலிய அறிஞர் மத்தேயோ பார்த்தோலி இதை ஒரு விதியாகவே எழுதினார். லத்தீனில் சாப்பிடுவதற்கு இருந்த பழைய வினை மேற்கு ஓரத்து ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ‘கொமேர்’ என்று நிற்கிறது. நடுவில் இருக்கும் பிரான்ஸிலும் இத்தாலியிலும் மெல்லுவது என்ற புதிய வினை வந்து அதைத் துரத்திவிட்டது.

நம் வரைபடத்தில் காவிரிக் கரையையும் வைகைக் கரையையும் நடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘சொல்’லும் ‘பேசு’வும் சேர்ந்து எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டன. மேற்கு ஓரத்தில் மலையாளம், தென்மேற்கு மூலையில் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். மூன்று ஓரங்களிலும் ‘பறை’ உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. மலையாளத்தில் அது ‘சொல்’லின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து அளவளாவுவது. எங்கள் பக்கத்தில் இரண்டும்.

கோடு விழுந்த கதை

9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும் வேதம் படிக்க ஒரு சாலையும் அமைத்துச் செப்பேடு எழுதினான். செப்பேட்டின் மொழி தமிழ். அந்த இடம் இன்று குமரி மாவட்டம். வேணாட்டின் பழைய தலைநகரமான பத்மநாபபுரமும் இன்று குமரி மாவட்டம்தான், ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. எங்கள் பகுதியில் சரித்திரம் இப்படித்தான், வீடு ஓரிடம், சாவி ஓரிடம்.

மொழிவாரி மாநிலக் கோரிக்கை எழுந்தபோது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணியின் தலைமையில், தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. அப்போது முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவர் அடங்கிய மாநிலச் சீரமைப்புக் குழு 1955-ல் அறிக்கை கொடுத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகாவும் கேட்கப்பட்ட பட்டியலில் இருந்தது. அது கிடைக்கவில்லை.

நான் இங்கே அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று பேச வரவில்லை. கோடு எங்கே விழுந்தாலும் யாராவது தவறான பக்கத்தில் நிற்கத்தான் செய்வார்கள். சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கவலை.

கோட்டுக்குத் தெற்கே தமிழ்ப் பாடப்புத்தகம் வந்தது. அத்தை பிள்ளை கட்டுரையில் ‘பறஞ்சான்’ என்று எழுதியபோது வாத்தியார் சிவப்பு மையால் அடித்து ‘சொன்னான்’ என்று எழுதினார். கொச்சை, மலையாளம் என்று இரண்டு பட்டம் கிடைத்தது. கோட்டுக்கு வடக்கே எங்கள் பள்ளியில் ‘பறஞ்ஞு’ சரி. ஆனால் ‘பேசு’, ‘சொன்னான்’ என்று வாயில் வந்தால் “பாண்டி” என்று பின் பெஞ்சில் சிரிப்பு. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பாட்டியின் வாயில் ‘பறை’யும் ‘பேசு’வும் சண்டையில்லாமல் இருந்தன. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று அடித்துத் திருத்தப்பட்டது.

இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம் தன் வேலையைத்தான் செய்தது. எழுத்து மொழியைச் சொல்லிக் கொடுப்பது அவசியம், அதனால்தான் நானும் வங்கிப் பரீட்சை எழுத முடிந்தது. ஆனால் “எழுதும்போது இப்படி, பேசும்போது அப்படி, இரண்டும் உன்னுடையது” என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் செலவு ஒன்றுமில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு தலைமுறை தன் பாட்டியின் பேச்சைப் பிழை என்று நம்பிவிட்டது.

அச்சில் இதற்கு மரியாதை தேடிக்கொடுத்தவர்கள் நாவலாசிரியர்கள். 1968-ல் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, 1988-ல் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. இந்தப் பக்கத்துப் பேச்சை அடிக்கோடிடாமல், மன்னிப்புக் கேட்காமல் எழுதினார்கள். வெளியூர்க்காரர்கள் முதல் இருபது பக்கம் தடுமாறுவார்கள், பிறகு பழகிவிடும். நாங்கள் சென்னைப் பேச்சைச் சினிமாவில் பழகிக்கொள்ளவில்லையா?

இன்று எங்கள் ஊர்ப்பக்கம் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, படிப்பும் வேலையும் அந்த மொழியில். அங்கே ‘பறை’ பத்திரமாக இருக்கும். கவலை குமரிப் பக்கம்தான். தொலைக்காட்சித் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் சேர்ந்து ‘பறஞ்சா’னைக் கிழவர்களின் சொல்லாக்கிக்கொண்டிருக்கின்றன. பறஞ்ஞு பிழைக்கும், சொன்னான் பிழைக்கும். போகப்போவது நடுத்தூண்.

வங்கியில் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் ஆதாரத்தோடு வந்தால் திரும்பக் கிடைக்கும். சொல்லுக்கு அந்த வசதி கிடையாது. பேசுகிற கடைசி ஆள் போனதும் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அகராதியில் இருப்பது வெறும் பாஸ்புக்.

தஞ்சாவூர்க்காரரிடம் இதையெல்லாம் இரண்டு மதிய இடைவேளைகளில் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். “அப்போ நாங்கதான் சார் தொலைச்சிருக்கோம்” என்றார். தொலைக்கவில்லை சார், பரணில் இருக்கிறது என்றேன்.

உங்கள் ஊரிலும் இப்படிச் சொற்கள் இருக்கும். பள்ளியில் அடித்துத் திருத்தப்பட்டது, கல்லூரி விடுதியில் கேலி செய்யப்பட்டது, இப்போது அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் வருவது. கொச்சை என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு முறை லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் இங்கே வந்து பறையுங்கள். கேட்க ஆள் இருக்கிறது.